முழங்காலில் வெள்ளைப் பொடி

அத்தியாயம் 9

"இவரோட முட்டியைப் பாருங்க," என்றார் சாவித்ரி.

எப்சி குனிந்து பார்த்தாள். நான்கு மாதமாக அந்தப் புகைப்படத்தில் அவள் பார்த்ததெல்லாம் முகம் மட்டும்தான். கறுத்த, நீண்ட, ஆப்பிரிக்க முகம். அந்த அகன்ற நெற்றியும் தடித்த கீழுதடும் தினமும் காலையில் கண்ணாடியில் அவள் பார்க்கிறவை. முட்டியைப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

கறுப்புக் கோட்டும் டையுமாக வெயிலில் நின்ற அந்த மனிதரின் பேன்ட்டில், இரண்டு முழங்கால்களிலும் வட்டம் போட்டதுபோல வெள்ளை படிந்திருந்தது.

"மாவு," என்றான் பரணி. "அந்த காலத்துலயும் புருசங்காரன்தான் கிரைண்டர் கய்விகினு இருந்துகீறான். மனசுக்கு ஆறுதலா கீது மேடம்."

சாவித்ரி அவனைச் சட்டை செய்யவில்லை. கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே முப்பது வருடம் மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து ஆறு வருடமாகிறது. நாற்பது வயது பரணி அதற்கு முன்பு வேளச்சேரி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். சாவித்ரி மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு மோசடிப் பேர்வழியை, விஷயம் தெரியாமலே தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுவந்து அவர் வாசலிலேயே இறக்கிவிட்டான். அன்றிலிருந்து அவன்தான் உதவியாளர்.

எப்சிக்கு முப்பத்துநாலு வயது. சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரம்மா அவளிடம் மட்டும் இங்கிலீஷில் விலை சொல்வாள். இவள் தமிழில் பேரம் பேச ஆரம்பித்ததும் பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். எந்த நாடு என்று கேட்கிறவர்களுக்கு, சேலையூர் என்று பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் அலுத்துவிட்டது.

அவளை வளர்த்தவர் வில்பிரட், ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். அவரும் மனைவி ஞானஜோதியும் குழந்தையில்லாதவர்கள். காஞ்சிபுரம் பக்கம் ஒரு ஹோமில் இரண்டு வயதுக் குழந்தையாக உன்னை எடுத்தோம், பெற்றவர்கள் யாரென்று ஹோமுக்கே தெரியாது, பிறகு அந்த ஹோமையும் மூடிவிட்டார்கள் என்பதுதான் அவர்கள் சொல்லிவைத்த கதை. மூன்று வருடத்துக்கு முன் ஞானஜோதி காலமானார். அவருடைய பழைய பைபிள் அட்டைக்குள் இந்தப் படம் ஒளிந்திருந்ததை, நாலு மாதத்துக்கு முன்பு அட்டையை ஒட்டவைக்கும்போது எப்சி கண்டுபிடித்தாள். படத்தின் பின்பக்கம் பென்சிலில், 'AKINYI, 12.6.94'.

அகின்யி. அதுதான் அப்பாவின் பெயர் என்று எடுத்துக்கொண்டு தேடினார்கள். தொண்ணூறுகளில் சென்னைக்குப் படிக்க வந்த ஆப்பிரிக்க மாணவர்களின் பட்டியல்களை சாவித்ரி யார் யாரையோ பிடித்து வாங்கிப் பார்த்தார். அகின்யி என்று ஒரே ஒரு ஆண்கூட இல்லை. வில்பிரட் முதல் நாளே எப்சியோடு கூட வந்து, விசாரிக்கச் சொல்லி மூன்று விலாசம் எழுதிக் கொடுத்திருந்தார். முதலாவது இடிந்துபோன வீடு. இரண்டாவது விலாசத்தில் இருந்தவர் செத்துப் பத்து வருடம். மூன்றாவது தெருவே இல்லை.

"சர்ச்சுல முட்டி போட்டா தூசி ஒட்டும்," என்றார் சாவித்ரி. "மண்ணுல போட்டா செம்மண்ணோ கரிசலோ ஒட்டும். இப்படி மாவு மாதிரி ஒட்டினா அது கல்லுப் பொடி. ஃப்ரெஷ்ஷா செதுக்கின கல்லு. அப்புறம் இந்த ஓரத்தைப் பாருங்க. மூணு பக்கமும் வெள்ளை பார்டர் இருக்கு. கீழ மட்டும் இல்ல. யாரோ கத்திரிக்கோலால வெட்டியிருக்காங்க. அவர் காலுக்குக் கீழ இருந்த எதையோ நாம பாக்கக்கூடாதுன்னு நினைச்சிருக்காங்க."

பின்னணியில், அவர் தோளுக்கு மேலே, ஒரு பெயர்ப்பலகையின் துண்டு தெரிந்தது. எழுத்துகள் மங்கல். சாவித்ரி செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். 'ளம்பாக்'.

"மெட்ராஸ்ல பாதி ஊரு பாக்கம், மீதி ஊரு வாக்கம்," என்றான் பரணி. "ஆனா 'ளம்'னா ஒண்ணுதான் மேடம். கேளம்பாக்கம். வண்டிய எடுக்கவா?"

அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. வண்டலூர் வந்து இடப்பக்கம் திரும்பியதும் பரணி வழியெல்லாம் புதுசாக முளைத்த அடுக்குமாடிகளின் பெயர்களைப் படித்துக் கிண்டலடித்துக்கொண்டே ஓட்டினான். எதிலும் தமிழ்ப் பெயரில்லை, குடிவந்தவனுக்குத் தன் வீட்டுப் பெயரை வாயில் நுழைய வைக்கவே ஒரு வருடமாகும் என்றான். எப்சிக்குச் சிரிப்பு வரவில்லை. கல்பட்டறையில் அப்பாவுக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டு வந்தாள். சிற்பம் படிக்க வந்தவரோ. வீடு கட்டினாரோ.

கேளம்பாக்கம் சந்திப்பிலிருந்து கோவளம் போகிற ரோட்டில் இரண்டு பட்டறைகளில் விசாரித்து, மூன்றாவதில் ஆளைப் பிடித்தார்கள். அறுபது தாண்டிய தாமோதரன். புருவமெல்லாம் வெள்ளைப் பொடி. சாவித்ரி படத்தை நீட்டினார். அவர் படத்தைப் பார்க்கவில்லை. எப்சியைப் பார்த்தார்.

அவளை உற்றுப் பார்ப்பவர்கள் அவளுக்குப் பழக்கம். ஆனால் இந்தப் பார்வை வேறு. எங்கோ பார்த்த முகத்தை ஞாபகப்படுத்திக்கொள்கிற பார்வை.

"டேனியல் சாரு," என்றார் தாமோதரன். "கென்யாக்காரு. டேனியல் ஒட்டியேனோ. நீங்க அவுருக்கு இன்னா வோணும்?"

தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தோம் என்றார் சாவித்ரி. தாமோதரன் ஒரு கல்லைத் துடைத்து உட்காரச் சொன்னார். அந்த மனிதரை எப்படி மறக்க முடியும் என்று ஆரம்பித்தார். முப்பது வருடத்துக்கு மேலாகிறது. நல்லாத் தமிழ் பேசுவார், பெண்டாட்டி நம்ம ஊர்ப் பெண். வேலைக்காகத் தன் நாட்டுக்குப் போயிருந்த சமயத்தில் இங்கே அவள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். வந்து பார்த்தபோது சமாதிதான் இருந்தது. அதன் மேல் வைக்கத்தான் கல் கேட்டார். செதுக்கி முடித்ததும், அவ்வளவு நல்ல கோட்டோடு பொடியிலேயே மண்டியிட்டு, ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

எப்சி படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். "அப்போ இந்த அகின்யிங்கறது?"

"அது அவுரு பேரு இல்லம்மா. அவுரு பொண்ணு பேரு. அவுங்க பாஷைல, காலைல பொறந்த பொண்ணுன்னு அர்த்தமாம்."

பரணி தலையில் கை வைத்துக்கொண்டான். நாலு மாதமாக ஒரு பெண் குழந்தையின் பெயரை வைத்துக்கொண்டு ஆம்பளைகள் பட்டியலில் தேடியிருக்கிறோம் என்று முணுமுணுத்தான்.

எப்சி உட்கார்ந்திருந்த கல்லிலிருந்து எழுந்தாள். "அந்தப் பொண்ணு இப்ப எங்கே?"

தாமோதரன் பக்கத்திலிருந்த உளியை எடுத்து மறுபடி கீழே வைத்தார்.

"அம்மா போன ரெண்டாம் நாளு அதுவும் போய்ட்ச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே கல்லு. அவுருக்கு அது ஒண்ணுதான் கொயந்த."

அதற்குமேல் எப்சி எதையும் கவனிக்கவில்லை. தான் அந்த மனிதரின் மகள் இல்லை. அந்த நெற்றியும் உதடும் வெறும் தற்செயல். ஒரு கண்டமே நிறைய இருக்கும் முகங்களில் ஒன்றைப் பார்த்துத் தன்னுடையது என்று நாலு மாதமாகக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாவித்ரி பட்டறையில் இன்னும் பத்து நிமிடம் நின்று பேசினார். தாமோதரன் செல்போனை எடுத்து எதையோ காட்டுவதும், சாவித்ரி குறித்துக்கொள்வதும் தெரிந்தது. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்ததை எப்சியால் படிக்க முடியவில்லை.

"அந்தக் கல்லைப் பாத்துட்டுப் போயிடலாம்," என்றார்.

எதற்கு என்று எப்சி கேட்டாள். செத்துப்போன யாரோ ஒரு குழந்தையின் சமாதியைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது, என்னை வீட்டில் விட்டுவிடுங்கள் என்றாள். போகிற வழிதான், பள்ளிக்கரணை, அஞ்சு நிமிஷம் என்று சாவித்ரி பிடிவாதமாகச் சொன்னார். சோழிங்கநல்லூர் வழியாக மேடவாக்கம் வரும்வரை பரணி ஒரு வார்த்தை பேசவில்லை. எப்சி அதைக் கவனித்தாள். அவன் பேசாமல் வண்டி ஓட்டி அவள் பார்த்ததே இல்லை.

சதுப்பு நிலத்தைப் பார்த்தாற்போல ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். கல்லூரி நாட்களில் எத்தனையோ முறை பஸ்ஸில் அவள் இந்தச் சுவரைக் கடந்து போயிருக்கிறாள். சேலையூரிலிருந்து பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை.

மூலையில், வேப்பமரத்தின் கீழே, சுத்தமாகக் கழுவிவைத்த கறுப்புக் கல். சாவித்ரி ஒதுங்கி நின்று அவளை முன்னால் போகவிட்டார்.

'கிறிஸ்டி ஒட்டியேனோ. மறைவு 19.5.1993.'

கிறிஸ்டி என்ற பெயரில் அவளுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் மாலை போட்ட படத்தில் இருக்கும் கிறிஸ்டி அத்தை, வில்பிரட்டின் தங்கை. கல்யாணமாகாமலே இறந்துபோனவர், நாகர்கோவிலில் அடக்கம் செய்தோம் என்று சொல்வார்கள். எப்சி குழப்பத்தோடு அடுத்த வரியைப் படித்தாள்.

'மகள் எப்சி அகின்யி. பிறப்பு 3.3.1991. மறைவு 21.5.1993.'

எப்சி. மார்ச் மூன்று. ஹோமில் கொடுத்த தேதி என்று சொல்லி, வருடா வருடம் வில்பிரட் தன் கையால் கேசரி கிண்டிக் கொடுக்கிற நாள்.

மறுபடி படித்தாள். பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தாள், ஒன்றாம் வகுப்புக் குழந்தைபோல. மண்டியிட்டு அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். பரணி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டான்.

"டீச்சர், உக்காருங்க. தண்ணி குடிங்க."

"நான் செத்துட்டேன்னு போட்டிருக்கு," என்றாள் எப்சி. அவள் குரல் அவளுக்கே யாருடையதோபோலக் கேட்டது.

சாவித்ரி அவள் அருகில் தரையில் உட்கார்ந்தார். கல்லெடுக்கப் பட்டறைக்கு டேனியலோடு கூட வந்து, இந்தத் தேதிகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தது பெண்ணின் அண்ணன், ஒரு வாத்தியார் என்று தாமோதரன் சொன்னதை அப்போதுதான் சொன்னார். தன் சந்தேகம் முதல் நாளே ஆரம்பித்தது என்றும் சொன்னார்.

"ரயில்ல டிக்கெட் வாங்காதவன்தான், நாம கேக்கறதுக்கு முன்னாடியே பைக்குள்ள கையை விட்டுத் தேடுவான். உங்கப்பா அப்படித்தான், நான் கேக்காமலே மூணு அட்ரஸ் கொடுத்தார். ஆனா இதை நான் சொல்லி நீங்க கேக்கக்கூடாதுன்னு நினைச்சேன். உங்க கண்ணால பாக்கணும்."

டேனியல் உயிரோடு இருக்கிறார், கிசுமு என்ற ஊரில், அறுபத்திரண்டு வயது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் தாமோதரன் இந்தக் கல்லைக் கழுவிப் படமெடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நம்பரை எழுதிய தாளை சாவித்ரி அவள் கைக்குள் வைத்து மூடினார்.

சேலையூர் வீட்டில் வில்பிரட் சாப்பாட்டு மேசையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். ஏதாவது தெரிந்ததா என்று அன்போடுதான் கேட்டார். அந்த அன்பைத்தான் எப்சியால் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவள் தலைமுடியைக் கேலி செய்த காலத்தில், யாருக்கும் படியாத அந்தச் சுருட்டை முடியைத் தினமும் அரைமணி நேரம் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னலிடக் கற்றுக்கொண்டவர் இவர். இதே கைதான் அந்தத் தேதியை எழுதிக் கொடுத்தது.

அவள் செல்போனில் எடுத்த கல்லின் படத்தை மேசைமேல் வைத்தாள்.

வில்பிரட் அதைப் பார்த்தார். மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, வெங்காயக் கையோடு கண்ணைத் துடைத்து, எரிச்சல் தாங்காமல் இன்னும் துடைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கிறிஸ்டி வீட்டில் சொல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். கோபம் தணிந்து அவர்தான் பிறகு சேர்த்துக்கொண்டார். டேனியல் வேலைக்காகக் கென்யா போயிருந்த வருடம் அவள் இறந்தாள். ரெண்டு வயதுக் குழந்தை ஞானஜோதியை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. வந்து மகளை அழைத்துப் போகிறேன் என்று கடிதம் வந்த அன்று, ஞானஜோதி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவர் பதில் எழுதினார். குழந்தையும் போய்விட்டது என்று. அடுத்த வருடம் அந்த மனிதர் நேரில் வந்து நின்ற பத்து நாளும் குழந்தையும் ஞானஜோதியும் நாகர்கோவிலில் இருந்தார்கள். அதற்கப்புறம் மேடவாக்கம் வீட்டைக் காலி செய்துவிட்டு, தங்களை யாருக்கும் தெரியாத சேலையூருக்கு வந்தார்கள்.

"அந்த போட்டோவை அவர்தான் அனுப்பினார். கிழிச்சுப் போட்டுடுன்னு சொன்னேன். ஞானம் கல்லை மட்டும் வெட்டி எறிஞ்சிட்டு, அவரை வெச்சுக்கிட்டா. எனக்கே தெரியாது."

எப்சி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"என்னை அவர்கிட்ட கொடுக்க மனசில்ல. சரி. ஆனா நீங்க என் தாய்மாமா. உங்க ரத்தம் எனக்குள்ள ஓடுது. ஏன் என்னை யாருமில்லாத புள்ளைன்னு சொல்லி வளத்தீங்க? யார் பெத்ததோன்னு ஊரே கேட்டப்போ நீங்க பக்கத்துலதானே நின்னுட்டிருந்தீங்க?"

வில்பிரட் வெங்காயத் தோல்களைக் கையால் ஒன்றுசேர்த்தார்.

"கிறிஸ்டி பொண்ணுன்னு சொன்னா, அப்பா எங்கேன்னு நீ கேப்பே. யாருமே இல்லேன்னு சொல்லிட்டா கேள்வி அங்கேயே முடிஞ்சிடும்னு நினைச்சேன்மா."

"முடியல," என்றாள் எப்சி.

ஹாலுக்குப் போய் கிறிஸ்டியின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தாள். பிளாஸ்டிக் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். முப்பது வருடம் அத்தை என்று கடந்து போன முகம். தன்னுடைய கண்கள் யாருடையவை என்று இப்போது தெரிந்தது. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வில்பிரட் பின்னாலேயே வந்து, சாயங்காலம் வந்துவிடுவாய்தானே என்று கேட்டார். பிறகு, கேட்கவே பயந்ததுபோல, "அவர்கிட்ட என்னைப் பத்தி என்ன சொல்லப்போறே?" என்றார்.

அவள் ஆட்டோவில் ஏறினாள். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேம்ப் ரோடு வந்ததும் ஒரு மரநிழலில் பரணி வண்டியை நிறுத்தினான்.

"மேடம், நாம டீ குடிக்கப் போலாம்," என்றான். "எனுக்கு வோணாம்னாலும் ஒங்களுக்கு வோணும்."

"எனக்கு வேணாம்னாலும்?" என்றார் சாவித்ரி.

"அப்பவும் போலாம்."

இருவரும் இறங்கிப் போனார்கள். போகிறபோது சாவித்ரி திரும்பி, வயதானவர், இத்தனை வருடமாக அழுது முடித்தவர், மெதுவாகச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

எப்சி நம்பரைப் போட்டாள். நாலாவது மணியில் எடுத்தார்கள். ஒரு ஆழமான குரல், இருமல், பின்னால் எங்கோ சேவல் கூவும் சத்தம். இந்திய நம்பரைப் பார்த்திருக்க வேண்டும். துருப்பிடித்த தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துக் கேட்டார்.

"தாமோதரன்? கல்லுக்கு... ஏதாவது ஆச்சா?"

எப்சி குனிந்து பார்த்தாள். மடியில் கிறிஸ்டி சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ? கல்லு உடைஞ்சிடுச்சா?"

"இல்ல," என்றாள். "கல்லு நல்லா இருக்கு. அதுல எழுதியிருக்கிறதுதான் தப்பு."